சொல்லத் தெரிந்த பிள்ளை



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே சுகாதார பாடத்திற்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். திருக்குறளிலே ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே உண்டு என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் பேச வந்த விடயம் அதனிலும் நெருக்கமானது. 11 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சுகாதாரம் கற்பிப்பது, பெரும் பகுதி, மொழி கற்பிக்கும் வேலைதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமப் பாடசாலைகளில் 20 வருடங்களுக்கு மேலாக இப்பாடத்தைக் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலைகளில் தரம் 6 முதல் தரம் 9 வரை ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ எல்லாருக்கும் உரிய பாடம். அதற்கு மேலே, க.பொ.த. சாதாரண தரத்தில், அது விரும்பினால் எடுக்கும் பாடங்களில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே, பல பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றி ஒரு வளர்ந்தவரிடம் ஒழுங்காகக் கேட்டறிவது இந்த நான்கு வருடங்களில் மாத்திரந்தான். உடம்பு மிக வேகமாக மாறுவதும் இதே நான்கு வருடங்களில்தான். அப்படியிருந்தும், பரீட்சை நெருங்கினால் முதலில் கணிதத்துக்குத் தானம் கொடுக்கப்படுவது இந்தப் பாடவேளைதான். பூப்புப் பற்றிய அலகு வந்தால், “இதை வீட்டிலை வாசிச்சுக்கொள்ளுங்கோ” என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கமும் உண்டு.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் தரம். கெட்டிக்காரி. சிறுநீரகம், சிறுநீர்க்கான், சிறுநீர்ப்பை என்று படம் கீறிப் பெயர் குறித்து, தவணைப் பரீட்சையில் அந்த வினாவுக்கு முழுப் புள்ளியும் பெற்றவள். அதே தவணையில் இரண்டு கிழமையாக அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தாள். கேட்டால், “வயித்துக்குத்து, ரீச்சர்” என்பாள். தாய் ஓமத்தண்ணி கொடுத்தார். பூச்சிக் குளிசையும் கொடுத்தார். குணமாகவில்லை. கடைசியில் அவளுடைய அம்மம்மாதான் பக்கத்தில் இருத்தி, “பிள்ளை, சலம் போகேக்கை எரியுதோ?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளை அழுதுவிட்டாள். ஆசுப்பத்திரியிலே சிறுநீரைப் பரிசோதித்து, கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். சுகம் வந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. மாணவியரின் மலசலகூடத்துக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. அங்கே போகக்கூடாது என்பதற்காக, காலையிலிருந்து பாடசாலை விடும்வரை அவள் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமலும், வந்த சிறுநீரை அடக்கியும் இருந்தால் தொற்று ஏற்படுவது எளிது. பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் வழி குறுகியது என்பதால் ஆபத்து இன்னும் கூட. கவனியாது விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும்.

படம் கீறி முழுப் புள்ளி பெற்றவளுக்குத் தன்னுடைய நோவு அந்தப் படத்திலே எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ‘சிறுநீர்’ என்பது அவளுக்குப் பரீட்சைத் தாளின் சொல். ‘சலம்’ என்பது வீட்டுச் சொல். ஆனால் அதைப் பெண் பிள்ளை வாய்விட்டுச் சொல்வது மரியாதையில்லை. ‘சலக்கடுப்பு’ என்று எங்கள் ஆச்சிமார் ஒரே சொல்லில் சொன்ன வருத்தத்தை, பாடசாலையில் எட்டு வருடம் படித்த பிள்ளையாற் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்திலே புத்தகச் சொல், மறு பக்கத்திலே வீட்டுச் சொல். பிள்ளைகளே சொல்லுவார்கள், நான் எழுதுவேன். நீரிழிவு என்றால் சலரோகம். வயிற்றோட்டம் என்றால் வயித்தாலை போறது. போசணை என்றால் சத்து. ‘இரும்புச்சத்து உறிஞ்சப்படுதல்’ என்று பாடமாக்கிய பிள்ளைகளிடம், மத்தியானம் முருங்கையிலை வறையோடு சோறு சாப்பிட்ட கையோடு என்ன குடிப்பீர்கள் என்று கேட்டால், பிளேன்ரீ என்பார்கள். அந்தத் தேநீர் முருங்கையிலையின் இரும்பை உடம்பில் சேரவிடாமற் குறைக்கும் என்றும், அதற்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும் என்றும் சொன்னால், அன்று பின்னேரமே அது அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

வீட்டுச் சொல் எல்லாம் நல்லது, புத்தகச் சொல் எல்லாம் கூடாது என்று நான் வாதாடவில்லை. ‘சலக்கடுப்பு’ பிள்ளையின் வாயைத் திறக்கிறது. ‘துடக்கு’ அதை மூடிவிடுகிறது. தனக்கு வந்திருப்பது அசுத்தம் என்று நம்பும் பிள்ளை, துணியை வெயிலிலே காயப்போடவும் வெட்கப்பட்டு இருட்டு மூலையில் ஒளித்துக் காயவைக்கிறாள். அங்கே ‘மாதவிடாய்’ என்ற புத்தகச் சொல்தான் அவளுக்கு நிம்மதி தருகிறது. இது வருத்தமுமல்ல, குற்றமுமல்ல, உடம்பின் ஒழுங்கான ஒரு வேலை என்று அந்தச் சொல் சொல்லுகிறது. ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்யும் நாங்கள், அன்று மணவறையில் இருக்கும் பிள்ளைக்கு நடந்தது என்னவென்று அவளுக்கு விளக்கிச் சொல்ல மறந்துபோகிறோம்.

ஆண் பிள்ளைகளின் நிலை இதிலும் மோசம். பெண் பிள்ளைக்கு ஓர் அம்மம்மாவாவது இருக்கிறார். பையன்களுக்கு உடம்பைப் பற்றிக் கிடைக்கும் சொற்கள் பெரும்பாலும் சந்தியிலும் சுவரிலும் பொறுக்கிய தூஷணச் சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒருவரை ஏசலாமே தவிர ஒரு சந்தேகம் கேட்க முடியாது. வகுப்பிலே பெயர் எழுதாமற் கேள்வி போடும் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் அதிலே கிடந்த துண்டில், “எனக்கு நெஞ்சிலை முலைக்குக் கீழை கட்டி மாதிரி நோகுது. இது கான்சரோ?” என்று எழுதியிருந்தது. அந்த வயதிலே ஆண் பிள்ளைகள் பலருக்கு இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் ஓரிரு வருடத்திலே தானாகவே மறைந்துபோகும். பயமென்றால் வைத்தியரிடம் ஒருமுறை காட்டலாம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். எழுதியவன் யாரென்று நான் தேடவில்லை. எத்தனை இரவு அவன் நித்திரையின்றிக் கிடந்தானோ!

உடம்புக்குத் தமிழிற் சொல் தேடிய கதை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே எங்கள் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திற் கற்பித்தது ஆங்கிலத்தில். 1864இலிருந்து தமிழிலே கற்பித்தார். படித்தவர்கள் வேறிடம் போய்விடாமல் தங்கள் கிராமங்களிலே தங்கி வைத்தியம் செய்ய வேண்டுமென்பது அவருடைய எண்ணம். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்று அன்றைய நூல்களில் வழங்கிய சொற்களே இன்று உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் என்று மாறியிருக்கின்றன. அங்காதிபாதம் என்று கேட்டதும் பாதாதிகேசமும் கேசாதிபாதமும் இலக்கிய நேயர்களுக்கு நினைவு வரும். தெய்வத்தின் அங்கங்களை அடி முதல் முடி வரை பாடிய மொழிக்கு, ஒரு பிள்ளையின் அங்கங்களைப் பெயர் சொல்லிப் பேசுவதிலே கூச்சம் எதற்கு?

ஒருமுறை ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். “இதெல்லாம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதோ, ரீச்சர்? கெட்டுப்போகுங்கள் எல்லோ?” என்றார். கோபமாக அல்ல, உண்மையான கவலையோடுதான் கேட்டார். நான் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். “ஐயா, உங்கடை பிள்ளையின்ரை உடம்பிலை ஒருத்தன் தொடக்கூடாத இடத்திலை தொட்டிட்டான் எண்டு வையுங்கோ. அந்த இடத்துக்குப் பேர் தெரியாத பிள்ளை உங்களிட்டை வந்து என்னெண்டு சொல்லும்?” அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சொல்லிக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

1998ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நாட்டிலே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்திற்கு எந்தப் பிள்ளையும் பேசலாம். அந்த இலக்கத்தை நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுவேன். ஆனால் இலக்கத்தை அழுத்திய பிறகு பேசுவதற்குச் சொற்கள் வேண்டுமே. ஏழாம் தரத்திலே பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளிலும் இதே கதைதான். வைத்தியர் பிள்ளையைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களிலே, என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பயன் உண்டு. தலையை மட்டும் ஆட்டும் பிள்ளை, இருந்த வருத்தத்தோடேயே வகுப்புக்குத் திரும்பிவிடும்.

எழுதும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வயதுப் பிள்ளைகள் தாமாக எடுத்து வாசிக்கக்கூடிய, தங்கள் உடம்பைப் பற்றி நல்ல தமிழிற் பேசும் சிறு நூல்கள் எங்களுக்கு இன்னும் வேண்டும். உபதேசம் இல்லாமல், பயமுறுத்தாமல், தூஷணத்துக்கும் கலைச்சொல்லுக்கும் நடுவிலே உள்ள சாதாரணமான மொழியில் அவை இருக்கட்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை “நோகுது” என்றால் மருந்தை எடுக்க முன்னர், எங்கே, எப்போதிருந்து, எப்படி என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல் எதுவாயினும் சிரிக்காதீர்கள், ஏசாதீர்கள். முதற்தரம் சிரித்துவிட்டால் இரண்டாந்தரம் அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.