தொண்டின் வாசல்



இலக்கிய விழாவில் தொண்டுச் சங்கங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். காரைக்கால் மண்ணில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. இவ்வூரின் பெயரைத் தம் பெயராகவே கொண்ட பெருங்கவிஞரின் வரலாறு ஒரு கொடையில்தான் திரும்புகிறது. பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை. புனிதவதியார் அவரைக் காக்க வைக்கவில்லை. கணவன் பரமதத்தன் அனுப்பியிருந்த இரு மாங்கனிகளுள் ஒன்றை எடுத்துப் படைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் இன்றும் மாடிகளிலிருந்து கனிகள் வீசப்படுகின்றன. கையில் உள்ளதை, வேண்டிய நேரத்தில், வாசலுக்கு வந்தவர்க்குத் தருவதே தொண்டின் இலக்கணம்.

வாசலுக்கு வருவோர் இருவகையினர். உதவி நாடி வருவோர் ஒருவகை. உதவி செய்ய விரும்பி வருவோர் மற்றொரு வகை. முன்னவரை வரவேற்கத் தெரிந்த சங்கங்கள் பல, பின்னவரை வரவேற்கத் தெரியாமல் தேய்ந்து போகின்றன. ஆராய வேண்டியது இதுவே.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடினார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடியதால் அச்சங்கத்திற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. அதே ஆண்டு சூன் 12இல் புனே நகரில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். இரண்டிற்கும் தொடர்பில்லை; வாசல்களும் வேறு வேறு. ரோட்டரியில் சேர, உள்ளே இருப்பவர் ஒருவர் அழைக்க வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது தொடக்ககால முறை. கோகலேயின் சங்கத்தில் சேர ஏழு உறுதிமொழிகள் ஏற்க வேண்டும்; ஐந்தாண்டுகள் பயிற்சி பெற வேண்டும்.

அக்கடிய வாசலைக் கடந்தவருள் ஒருவர், இக்காவிரி நாட்டின் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். தலைமையாசிரியர் பணியை விட்டு 1907இல் அச்சங்கத்தில் சேர்ந்தார்; 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். பம்பாய் நகராட்சிப் பொறியாளர் பணியைத் துறந்து 1914இல் சேர்ந்த தக்கர் பாபா, பின்னாளில் பில் பழங்குடி மக்களிடையே வாழ்நாள் தொண்டு புரிந்தார். தேர்ந்து சேர்ப்பதில் பயன் உண்டு என்பதற்கு இவ்விருவரும் சான்று.

ஆயினும் அதே வாசல் ஒருவர் முன் தயங்கி நின்றது. 1915 சனவரியில் தாயகம் திரும்பிய காந்தியடிகள் அச்சங்கத்தில் சேர வேண்டும் என்பது கோகலேயின் விருப்பம். அடுத்த மாதமே கோகலே மறைந்தார். உறுப்பினர்களிடையே கருத்து இரண்டுபட்டது. அதைக் கண்ட காந்தியடிகள் தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். விலகியதாலேயே அச்சங்கத்தாரோடு தம் உறவு மேலும் இறுகிற்று என்று தம் வாழ்க்கை வரலாற்றில் பெருந்தன்மையோடு எழுதினார். விண்ணப்பிப்பவர் எல்லாரும் காந்தியடிகள் அல்லர். மனம் நொந்து திரும்பிய எளியவர்களின் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை.

ரோட்டரியின் வரலாற்றிலும் இத்தகைய பாடம் ஒன்றுண்டு. 1989 வரை அதன் விதிகள் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பின்னரே விதி மாறியது. அச்சங்கம் 1985இல் உலகளவில் மேற்கொண்ட பெரும்பணி போலியோ ஒழிப்பு. இந்தியாவில் அந்நோய்க்கிருமி இயல்பாகத் தாக்கிய கடைசிக் குழந்தை 2011 சனவரி 13இல் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது; 2014 மார்ச் 27இல் நோய் நீங்கியதற்கான சான்று கிடைத்தது. இப்பணியில் வீடுவீடாகச் சென்று சொட்டு மருந்து ஊட்டியவர்களுள் பெரும்பாலோர் அங்கன்வாடியிலும் சுகாதாரத் துறையிலும் பணியாற்றிய பெண்கள். 84 ஆண்டுகள் பெண்களை வெளியே நிறுத்திய சங்கத்தின் ஆகப்பெரிய கனவு பெண்களின் கைகளாலேயே நிறைவேறியது.

இவ்வுண்மையைக் கழிமுகக் கடற்கரை இன்னும் கடுமையான முறையில் கற்றது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை காரைக்கால்மேட்டையும் கிளிஞ்சல்மேட்டையும் பட்டினச்சேரியையும் சூறையாடியது. அண்டையில் நாகூர் தர்காவின் அடக்கத்தலம் மதம் பாராது மாண்டவர்களை ஏற்றது. நாடெங்கிலுமிருந்து நிவாரணம் குவிந்தது. குவிந்தவற்றுள் உடுத்த இயலாத பழந்துணிகளும் இருந்தன. அவை நாகைச் சாலையோரங்களில் மேடாகக் கிடந்தன. வேண்டுவது யாதென்று யாரும் கேட்கவில்லை. மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் குடும்பக் கணக்கு வைத்து உதவியைப் பங்கிட்டன, அது பெரும்பணி. ஆயின் அக்கணக்கில் அடங்காத விவசாயக் கூலிகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் பலவிடங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். கணக்கெடுக்க அமர்ந்தவர்களிடையே அவர்களுள் ஒருவர் இருந்திருந்தால் அந்நிலை நேர்ந்திராது.

காவிரியின் கடைமடையில் வாழ்வோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எவ்வளவு நீர் திறந்தார்கள் என்பதைக் கொண்டு கடைமடை உழவர் மகிழ்வதில்லை. தம் வாய்க்காலுக்கு நீர் வந்ததா என்றே பார்க்கிறார். சங்கத்தின் பெருமையையும் அவ்வாறே அளக்க வேண்டும். கடைசி மனிதருக்கு உதவி சேர்ந்ததா? அம்மனிதரே நாளை சங்கத்தில் அமர இடமுண்டா?

காரைக்காலுக்கு இக்கேள்வி இன்று உயிர்க்கேள்வி. பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிய குடும்பங்கள் இங்குப் பல. படித்த இளைஞர் வெளியேறுவது பழகிப்போன வழக்கம். மறுபுறம் வேளாண் கல்லூரிக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்கும் துறைமுகத்திற்கும் வெளியூரார் வந்துகொண்டே இருக்கின்றனர். போகிறவர்களை எண்ணி வருந்தும் சங்கங்கள், வருகிறவர்களின் பெயரைக் கேட்டறிவதில்லை. கேட்டாலும் மாலை அணிவித்து, பின்வரிசையில் அமர்த்தி, சந்தா வாங்கிக்கொள்வதோடு வரவேற்பு முடிந்துவிடுகிறது.

புதியவர்க்குத் தர வேண்டியது மாலையன்று, வேலை. இரத்ததான முகாமில் பெயர் எழுதும் பணியாகலாம். கண் மருத்துவ முகாமிற்கு முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துவரும் பணியாகலாம். முதல் நாளில் வேலை பெற்றவர் மறு வாரமும் வருவார். மூன்றாம் ஆண்டில் அவர் கையில் சாவியையும் கணக்கேட்டையும் ஒப்படைக்க மூத்தவர்க்கு மனம் வேண்டும். பதவியை முறைவைத்து மாற்றாத சங்கம், வாசலைத் திறந்து வைத்திருந்தும் பயனில்லை.

இவ்வளவும் இலக்கிய வட்டத்திற்கும் பொருந்தும். நெய்தல் நிலத்து இளைஞர் ஒருவர் வலைகட்டிய கையோடு முதற்கவிதை கொண்டுவந்தால், யாப்புப் பிழையை எண்ணுவதற்கு முன் அவரை அமரச் செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பில் பங்கு தரவேண்டும். பிழை திருத்தப் பிறகு காலம் உண்டு. திரும்பிச் சென்றவரை அழைத்துவரத்தான் காலம் வாய்ப்பதில்லை. பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், இன்னும் பெயர் தெரியாத அவருக்காக ஓர் இருக்கையை முன்வரிசையில் ஒதுக்கி வைக்கட்டும்.