கப்பல் கவிழ்ந்த வியாபாரி

தத்துவம் வியாபாரத்துக்கு ஆகாது என்று ஒரு நினைப்பு உண்டு. ஆனால் ஸ்டோயிக் தத்துவத்தை ஆரம்பித்த ஸீனோவே ஒரு வியாபாரிதான்! சைப்ரஸ்காரர். ஊதாச் சாயச் சரக்கோடு வந்த கப்பல் மூழ்கிப்போக, ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி மனிதர்களை எங்கே பார்க்கலாம் என்று இவர் கேட்க, தெருவில் போன கிரேட்டிஸ் என்ற தத்துவஞானியைக் கடைக்காரர் கைகாட்டினாராம். இப்படித்தான் குரு கிடைத்தார்.

அந்த வழியில் பின்னால் வந்தவர் எபிக்டெட்டஸ். அடிமையாகப் பிறந்தவர். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் முதலில் பிரித்துக்கொள்ளச் சொன்னார்.

மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் கிளினிக் வாசலில் பையோடு காத்திருக்கிறார். டாக்டர் அந்த மருந்தை எழுதுவாரா என்பது அவர் கையில் இல்லை. பக்கவிளைவு பற்றிக் கேட்டால் மழுப்பாமல் சொல்வது அவர் கையில்தான் இருக்கிறது. சரி, மாத டார்கெட்? அதைப் போடுகிற மேனேஜரும் கொஞ்சம் எபிக்டெட்டஸ் படித்தால் தேவலை!