சம்பளத்தைக் கூட்ட முடியாத மேலாளர் என்ன செய்யலாம்?

(சேவை மையப் பொறுப்பாளர்கள், அலுவலகப் பிரிவுத் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேருக்கு என் வயசை விட சர்வீஸ் அதிகம். "நேத்து வேலைக்கு வந்தவங்க நமக்கு நிர்வாகம் சொல்லித்தர வந்துட்டாங்களா?" என்று தோன்றினால் அது நியாயம்தான். நான் படித்தது இதழியல், நிர்வாகம் இல்லை. ஆனால் சேவைகள் பற்றி எழுதுவதற்காக கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேச்சுக் கொடுப்பது என் வேலை. அதில் காதில் விழுந்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

"உங்க டீமை உற்சாகப்படுத்துங்க" என்று சொன்னால், பொறுப்பாளர்கள் சொல்கிற முதல் பதில்: "என் கையில என்னங்க இருக்கு?"

உண்மை. அரசு அலுவலகத்தில் பிரிவுத் தலைவரால் யாருக்கும் சம்பளத்தைக் கூட்ட முடியாது. பதவி உயர்வுக்கு பணிமூப்புப் பட்டியல் இருக்கிறது. இடமாற்றம் மேலே முடிவாகும். காலியிடத்தை நிரப்புவதும் அவர் கையில் இல்லை. இந்த உரையை போனில் படிக்கப்போகிற தனியார் கம்பெனி டீம் லீடர்களுக்கும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. இன்க்ரிமென்ட் எவ்வளவு என்பதை எங்கேயோ யாரோ முடிவு பண்ணுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களைப் பேட்டி எடுத்தார்கள். வேலையில் ரொம்ப சந்தோஷமாக இருந்தது எப்போது, ரொம்ப வெறுத்துப்போனது எப்போது என்று கேட்டார்கள். 1959-ல் அது புத்தகமாக வந்தது. வெறுப்புக்கான காரணங்களாக நிறுவனத்தின் விதிமுறை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் இதெல்லாம் வந்தன. சந்தோஷத்துக்கான காரணங்கள் வேறு பட்டியல்: ஒரு வேலையை ஒழுங்காக முடித்தது, அதை மற்றவர்கள் கவனித்தது, பொறுப்பு கிடைத்தது, அந்த வேலையே பிடித்திருந்தது. ஆய்வு நடந்த முறையைப் பின்னால் வந்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் இரண்டாவது பட்டியலைப் பாருங்க. அதில் பெரும்பகுதி நிதித்துறை ஒப்புதல் இல்லாமலேயே உங்களால் கொடுக்க முடிந்தது.

இதனால சம்பளம் முக்கியம் இல்லைன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. ஒப்பந்தப் பணியாளருக்கு மாதச் சம்பளம் தள்ளிப்போனால், அதை "சபாஷ்" சொல்லி ஈடுகட்ட முடியாது. அந்த ஃபைலைத் துரத்துவதும் மேலாளர் வேலைதான். கேக் வெட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யணும்.

சரி, கவனிப்பது, பொறுப்பு தருவது என்றால் என்ன? எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்ன கதை. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள், ஆனால் மேலாளராக இருந்து ஒரு தடவை கேளுங்க.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் சோதனை. திட்ட இயக்குநர் கலாம். ஏவுவதற்குச் சற்று முன்னால் கணினி 'நிறுத்து' என்று காட்டியது. நிபுணர்களைக் கேட்டுவிட்டு, ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம்தான். இரண்டாம் கட்டத்தில் கோளாறு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்விக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு, என் குழு அடுத்த முறை ஜெயிக்கும் என்று சொன்னார். 1980 ஜூலை 18. அதே ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில். இந்தத் தடவை தவன், "நீங்க போய் பேசுங்க" என்று கலாமை அனுப்பினார்.

கவனிங்க, முடிவெடுத்தவர் கலாம். தவன் நினைத்திருந்தால் "திட்ட இயக்குநரைக் கேளுங்கள்" என்று நகர்ந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கோளாறு எங்கே என்ற விசாரணை உள்ளே நடக்கத்தான் செய்தது. வெளியே மட்டும் தலைவர் நின்றார்.

இப்போ நம்ம வாட்ஸ்ஆப் குரூப்புக்கு வருவோம்.

(சிரிக்கிறீங்க. அப்போ தெரிஞ்சிருக்கு.)

இரவு 10 மணிக்கு நிலுவைப் பட்டியல் வருகிறது. மூன்று பேர் பெயருக்கு சிவப்பு. கீழே "விளக்கம் தேவை". அந்தக் குரூப்பில் அறுபது பேர். மறுநாள் அந்த மூன்றில் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். அதற்குக் கிடைப்பது ஒரு கட்டைவிரல் படம், அதுவும் தனிச் செய்தியில். திட்டு அறுபது பேர் முன்னால், பாராட்டு யாருக்கும் தெரியாமல். தவன் செய்ததற்கு நேர் தலைகீழ்.

இதனால் ஊழியர் மனசு நோகிறது என்பதோடு விஷயம் நிற்பதில்லை. சிவப்புக்குப் பயந்தவர் என்ன செய்வார்? "கூடுதல் ஆவணம் தேவை" என்று மனுவைத் திருப்பி அனுப்பினால் அவர் பட்டியலில் நிலுவை குறைந்துவிடும். கணக்கு சுத்தம். அந்த மனுவுக்குச் சொந்தக்காரர் இரண்டு பஸ் மாறி மறுபடி வருவார். அவர் சிவப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை.

பயம் இருக்கிற இடத்தில் பிரச்சினை மேலே வராது, கீழேயே புதைக்கப்படும். டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு கயிறு கட்டி வைத்தார்கள். வரிசையில் வேலை செய்கிற யார் வேண்டுமானாலும், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். முதல் கேள்வி "யார் இழுத்தது?" இல்லை, "என்ன ஆச்சு?" என்பதுதான். இந்த வரிசை மாறினால் கயிறு வெறும் அலங்காரம்.

நம்ம இடத்தில் கயிறு வேண்டாம். ஜூன் மாதத்தை நினைச்சுப் பாருங்க. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். சர்வர் சுற்றுகிறது. ஒரு பாட்டி வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று முன்னால் வந்த பிறகுதான், ஓடிபி திருப்பூரில் வேலை செய்கிற மகன் போனுக்குப் போகிறது என்று தெரிகிறது. மகன் ஷிப்டில் இருக்கிறார், எடுக்கவில்லை. பாட்டி ஆபரேட்டரைத் திட்டுகிறார். இது தினம் நடக்கும் என்பது அந்த ஆபரேட்டருக்குத் தெரியும். "ஓடிபி வரும் போனைக் கையில் வைத்திருங்கள்" என்று வாசலிலேயே ஒரு அட்டை, வரிசையில் நிற்கும்போதே ஒருவர் கேட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் தீர்வு. அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

வாரத்தில் ஒரு நாள், கவுன்ட்டர் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றபடியே கேளுங்க: "இந்த வாரம் உங்களை ரொம்பப் படுத்தினது எது?" சொன்னதில் ஒன்றையாவது அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யுங்க. எதுவுமே சரியாகவில்லை என்றால் மூன்றாவது வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. சர்வர் மாதிரி உங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்றால், "மேலே எழுதியிருக்கேன், பதில் இன்னும் வரல" என்று சொன்னால்கூடப் போதும். கவுன்ட்டரில் சத்தம் கேட்டால் உள்ளே இருந்து எழுந்து வாங்க. "சார், என்கிட்ட சொல்லுங்க" என்று நீங்கள் நின்றதை அந்த ஆபரேட்டர் ரொம்ப நாள் மறக்க மாட்டார்.

நிலுவைப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யாதவரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, பகலில், அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்க.

கடைசியாக, பொதுமக்களாக இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று. குறை என்றால் 1100-க்குப் போன் போடத் தெரியும் நமக்கு. வேலை நல்லபடியாக முடிந்தால் திரும்பி வந்து சொல்கிறவர்கள் குறைவு. அப்படி யாராவது உங்கள் அறைக்கு வந்து "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று சொன்னால், பொறுப்பாளர்களே, அதை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளாதீங்க. "மூணாவது கவுன்ட்டர்ல நீலப் புடவை கட்டியிருக்காங்களே, அந்த அம்மாதான் செஞ்சாங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அனுப்பி வையுங்க.

டீ வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கேள்வி இருந்தா கேளுங்க. வாட்ஸ்ஆப் குரூப் பத்தி மட்டும்னா, போனை ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க.