அலட்சியம் யாருடையது?

எனக்கு இரத்தப் புற்றுநோய். தினமும் ஒரு இமாடினிப் மாத்திரை விழுங்குவதால்தான் ஆய்வேட்டையும் எழுதிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

நோவார்ட்டிஸ் இதற்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை வைத்திருந்தது. நோயாளிகளின் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகமும் 2013இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்தன. இன்று அரசு மருத்துவமனையில் எனக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

என்னோடு வரிசையில் நிற்கும் அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். "மாத்திரை ஓசிதான் தம்பி. வாங்க வந்தா அன்னிக்குச் சம்பளம் போயிடுது" என்றார். இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது, "ஏன் இவ்வளவு அலட்சியம்?" என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

அலட்சியம் யாருடையது? மாத்திரையும் பரிசோதனையும் அவரது ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சிகிச்சை நாளுக்குச் சம்பளம் வேண்டும். காப்புரிமையையே தடுக்க முடிந்ததென்றால், இதையும் போராடி வாங்க முடியும்.