டான்குவா மீது வழக்கு எங்கே?



கானா விடுதலை என்றதும் குவாமே நிக்ரூமாவின் பெயர்தான் நம் வாயில் வருகிறது. வரட்டும், அவர் உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் லண்டனில் இருந்த அவரைப் பொதுச் செயலாளராக வரவழைத்த கட்சி எது? 1947 ஆகஸ்ட் 4-ஆம் நாள் சால்ட்பாண்டில் ஜே.பி. டான்குவா முன்னின்று தொடங்கிய கட்சி! 'கோல்ட் கோஸ்ட்' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு 'கானா' என்று சூட்டச் சொன்னவரும் அவர்தான். 1948-இல் ஆங்கிலேயன் பிடித்துக்கொண்டு போன ஆறு தலைவர்களில் இருவரும் இருந்தார்கள். விசாரணையில்லாக் காவல் என்ன செய்யும் என்பது இருவருக்குமே தெரியும்.

பிறகு வழிகள் பிரிந்தன. நிக்ரூமா தனிக்கட்சி கண்டார், மக்களை வென்றார். டான்குவா 1954-இல் தோற்றார், 1956-லும் தோற்றார், 1960 குடியரசுத் தலைவர் தேர்தலில் சுமார் பத்தில் ஒரு பங்கு வாக்கே பெற்றார். படித்தவர்களையும் பாரம்பரியத் தலைவர்களையும் தாண்டி எளிய மக்களிடம் போய்ச் சேராதது அவருடைய குறை, ஒப்புக்கொள்கிறேன். தோற்றவனுக்குச் சிறைதான் தண்டனையா?

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1958-இல், நிக்ரூமா அரசின் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. வழக்கில்லை, வாய்தா இல்லை. ஐந்தாண்டு வரை உள்ளே வைக்கலாம். அதில் சிக்கிய அக்கோட்டோ முதலானோருக்காக 1961-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார் வழக்கறிஞர் டான்குவா. நீதிமன்றம் கைவிரித்தது. சில வாரங்களில், அக்டோபரில், அதே சட்டம் அவரையே உள்ளே தள்ளியது!

"நிக்ரூமா மீது குண்டு வீசினார்களே, துப்பாக்கியால் சுட்டார்களே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். 1962-இல் குலுங்குகுவில் குண்டு வெடித்தது. 1964 ஜனவரியில் ஒரு காவலர் சுட்டார். டான்குவாவுக்கு அதில் பங்கிருந்தால் கூண்டில் ஏற்றுங்கள், சாட்சியைக் கொண்டுவாருங்கள்! ஏன் செய்யவில்லை? குலுங்குகு வழக்கில் சிலரை விடுதலை செய்ததற்காகத் தலைமை நீதிபதி கோர்சாவையே பதவி நீக்கிய அரசு அது. அந்த அரசுக்கு நீதிமன்றம் என்றாலே கசந்தது.

இடையில் விடுவிக்கப்பட்டிருந்த டான்குவா 1964 ஜனவரி 8-இல் மீண்டும் கைதானார். சிறையிலிருந்து மனு எழுதினார், கதவு திறக்கவில்லை. 1965 பிப்ரவரி 4-இல், 69 வயதில், நசவாம் சிறையிலேயே உயிர் போனது. கடைசிவரை எந்த நீதிபதியும் அவர் மீதான குற்றச்சாட்டை விசாரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு நிக்ரூமாவைக் கவிழ்த்த ராணுவமும் அவருடைய ஆட்களை 'பாதுகாப்புக் காவல்' என்று சொல்லி அதே மாதிரி அடைத்தது. ஆகவே கேட்கிறேன்: விசாரணையில்லாக் காவலை யார் கொண்டுவந்தாலும் எதிர்த்து நில்லுங்கள். கொண்டுவருபவர் நீங்கள் வாக்களித்த தலைவராக இருந்தால், முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்!