ஒரு தலைமுடியும் 16 மீட்டரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு கேமராவைக் கடலில் மூழ்கடித்த கதையைச் சொல்கிறேனே!

2023 ஜனவரி. அந்தமானில் ஹேவ்லாக் தீவு. 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். ஸ்கூபா டைவிங் போயிருந்தேன். கையில் மச்சினரிடம் இரவல் வாங்கிய கேமரா. அதைச் சுற்றி ஹவுசிங் என்கிற நீர்புகாப் பெட்டி. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரே ஒரு ஓ-ரிங். 16 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1.6 கிலோ கூடுதல் அழுத்தம். மூடி 10-க்கு 15 சென்டிமீட்டர் என்றால் 240 கிலோ! ஆனால் அந்த அழுத்தமே மூடியை ரப்பர்மேல் இறுக்கவும் செய்கிறது. அதனால் ஒழுகுகிற பெட்டி பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே ஒழுக ஆரம்பித்துவிடும்.

என் பெட்டியும் அப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். நான் கவனித்தது 16 மீட்டரில். ஆமை ஒன்றை இரண்டு படம் எடுத்துவிட்டு மூன்றாவதுக்குக் குனிந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்பிரிட் லெவல் மாதிரி ஒரு நீர்க்கோடு ஆடுகிறது!

சாதனத்தைக் காப்பாற்று, மேலே ஓடு என்றது புத்தி. இன்ஜினீயர் புத்தி ஐயா! மூச்சை அடக்கிக்கொண்டு மேல்நோக்கி இரண்டு உதை உதைத்தேன். அந்த ஆழத்தில் நுரையீரலில் இருக்கிற 6 லிட்டர் காற்று, மேலே வந்தால் 15 லிட்டரைத் தாண்டும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியும். பாயில் விதியில் முழு மார்க் வாங்கியவன் நான்!

கூட வந்த பயிற்றுநர் என் காலை எட்டிப் பிடித்தார். கேமராவைக் காட்டிக் கையை விரித்தார்: போச்சு. பிறகு என் நெஞ்சைத் தொட்டு, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்: மெதுவாக. மூச்சை விட்டேன். உள்ளே வந்த தண்ணீர் கேமரா உடம்புக்குப் போகாமல் முன்கண்ணாடிப் பக்கம் தேங்கட்டும் என்று லென்ஸைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிஷம் நிறுத்தம். நீர்க்கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தொங்கினேன். செமஸ்டர் ரிசல்ட் ஒட்டுகிற அன்றுகூட 3 நிமிஷம் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

படகில் ஏறியதும் பெட்டியைத் திறக்கப் போனேன். "முகத்துக்கு நேரா வேண்டாம்!" என்று அதட்டினார். உப்புத் தண்ணீரில் பேட்டரி வாயுவைக் கிளப்பும். ஆழத்தில் அமுங்கிய காற்றும் உள்ளே இருக்கும். கடல் பக்கம் திருப்பித் திறந்தோம். 'புஸ்'ஸென்றது. உடனே பேட்டரியைக் கழற்றி, கேமராவையும் கார்டையும் நல்ல தண்ணீரில் முக்கினார். நனைந்ததை மறுபடி நனைப்பதா? ஆமாம், தண்ணீரைவிட உப்புதான் எமன். கார்டு பிழைத்தது. கேமரா பிழைக்கவில்லை. அரிசி டப்பாவில் புதைத்தும் பார்த்தேன்; அரிசிதான் வீண்.

ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தது. ஆடுகிற படகில், அரட்டைக்கு நடுவே பேட்டரி மாற்றி மூடியது நான்தான். பம்ப் லேபில், "கண்ணை நம்பாதே, விரலால் தடவிப் பாருடா" என்று திட்டி என்னை வெளியே நிறுத்திய சார், இதோ முன்வரிசையில் சிரிக்கிறார். இப்போதெல்லாம் பெட்டியை முதல்நாள் இரவே மூடிவிடுகிறேன். அதற்கு முன் வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பக்கெட்டில் அமுக்கிப் பார்க்கிறேன்.

மச்சினருக்குப் புதுக் கேமரா வாங்கிக் கொடுத்தாயிற்று. அந்த ஆமைப் படம் வெளியே வராந்தாவில் மாட்டியிருக்கிறது, பாருங்கள். கீழ் ஓரத்தில் மங்கலாகத் தெரிவது பவளமல்ல, உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீர்.