எட்டு மேசைக்கும் ஒரே நெரை

இந்தச் சரசரப்பு கேட்டதா? மழை இல்லை. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்தேன். சில வீடுகளில் இந்நேரம் அம்மாமார் முகம் சுளித்திருப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான். தீபாவளி முன்பணத்தைச் சீட்டில் விட்டுவிட்டு, விடியற்காலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோட்டத்து லயத்துக்குத் திரும்பியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று நான் பேசப்போவது காசு வைக்காத சீட்டு. பெயர் பிரிட்ஜ். அதிலும், உலகத்துக் கெட்டிக்கார ஆட்டக்காரர்களை ஜோடி ஜோடியாகப் பொறுக்கி, அழைப்பு அனுப்பி, ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கிறார்களே, அந்த அழைப்புப் போட்டிகளைப் பற்றி.

நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பையனுக்கும் பிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரந்தாவ் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா துரைமார் கிளப்பில் வேலை பார்த்தார். கிளாஸ் கழுவுவார், மேசை துடைப்பார், சனிக்கிழமை சாயங்காலம் பச்சைத் துணி போர்த்திய சதுர மேசைகளை எடுத்துப் போடுவார். மூலை மடங்கிய கட்டைத் துரைமார் கையால் தொடமாட்டார்கள். அது அப்பாவின் சட்டைப் பையில் ஏறி லயத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு வந்த முதல் கட்டில் கிளாவர் ஐந்து இல்லை. சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி, அப்பா பென்சிலால் ஐந்து போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் கிளாவர் ஐந்து யார் கையில் இருக்கிறது என்று லயத்துக்கே தெரியும்! மறைக்க முடியாத ஒரு சீட்டு இருந்தால் ஆட்டம் எவ்வளவு சப்பென்று போய்விடும் என்பதை அந்த அட்டைதான் எனக்குக் காட்டியது.

அந்தக் காலத்து மலாயாக் கிளப் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையா? ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமின் 'ஆ கிங்' என்ற தொகுப்பு 1933இல் வந்தது. காட்டில் பதிந்த காலடித் தடங்களைப் பற்றிய ஒரு கதை அதில் உண்டு. கிளப்பில் பிரிட்ஜ் மேசையில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. அத்தனை நிதானமாக ஆடுகிற ஒரு கணவன் மனைவி. அவர்களுடைய பழைய கதை பின்னால் வருகிறது. அதை நான் சொல்லமாட்டேன், படிக்கப்போகிறவர்கள் என்னைத் திட்டுவீர்கள். நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

துரைமார் ஆடியதை நான் சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஆட்டத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியார் வீட்டு வராந்தாவில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சாயங்காலமானால் அங்கே முந்நூற்று நாலு நடக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் சிலோன்காரர்கள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், எனக்குத் தெரியும். 32 சீட்டு. நாலு பேர். எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76 ஆயிற்று. நாலு சாதிக்கும் கூட்டினால் முந்நூற்று நாலு. நாலு சீட்டு கையில் வந்ததுமே, நூற்று அறுபதிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். ஏலம் கேட்பது, எதிரே இருக்கும் ஆளை நம்புவது, மறைந்திருப்பதை ஊகிப்பது என்று பிரிட்ஜின் எலும்புக்கூடு அத்தனையும் அதில் இருந்தது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு சீன நண்பர் எனக்கு பிரிட்ஜ் சொல்லிக் கொடுத்தார். அரை மணியில் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, "முன்பே ஆடியிருக்கிறாயா?" என்று கேட்டார். "எங்கள் கிராணியார் வேறு பெயரில் ஆடினார்" என்றேன்.

பிரிட்ஜில் 52 சீட்டும் வரும், ஆளுக்குப் பதின்மூன்று. ஏலத்தில் வென்ற ஜோடியில் ஒருவர் தன் கையை மேசையில் விரித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார், மற்றவர் இரண்டு கையையும் ஆடுவார். நாங்கள் இன்று ஆடும் புள்ளிக் கணக்கின் அடிப்படையை அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்டு வாண்டர்பில்ட் 1925இல் பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் வகுத்தார். விதிகள் இவ்வளவு போதும். மீதியைச் சொல்லப் போனால் செய்தி நேரம் வந்துவிடும்.

இனி அழைப்புப் போட்டி. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் 1987இல் ஒன்று தொடங்கினார்கள். 1990களில் லண்டனில் ஜனவரிக் குளிரில் இன்னொன்று நடந்தது. இரண்டிலும் பதினாறே ஜோடிகள். விண்ணப்பம் போட்டு நுழைய முடியவில்லை, கூப்பிட்டவர்கள்தான் போனார்கள். உலக வாகையர் வருவார்கள், கராச்சியில் பிறந்த ஜியா மஹ்மூத் போன்ற கலகலப்பான கெட்டிக்காரர்களும் வருவார்கள். ஒவ்வொரு ஜோடியும் மற்றப் பதினைந்து ஜோடிகளையும் சந்தித்தாக வேண்டியிருந்தது. ஒரு சந்திப்புக்குப் பத்து ஆட்டம், ஆக மொத்தம் 150. ஓர் ஆட்டத்துக்கு ஏழரை நிமிடம் என்று வைத்தாலும், இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம் நாற்காலியில். ஒரு கவனப்பிசகு போதும், 149 ஆட்டத்தில் சேர்த்தது கரைந்துபோகும்.

அமெரிக்காவில் கேவண்டிஷ் என்று ஒன்று. 1975இல் நியூயார்க்கில் தொடங்கி, லாஸ் வேகஸுக்குப் போய், 2012இல் மொனாக்கோவுக்கு மாறியது. காசு வைக்காத சீட்டு என்றேனே, அங்கே அது பொய்யாகிவிடும். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி ஜோடிகளையே ஏலம் விடுவார்கள். எடுத்தவர்களுடைய பணமெல்லாம் ஒரு பானையில் சேரும். எந்த ஜோடி ஜெயிக்கிறதோ, அதை ஏலத்தில் எடுத்தவருக்குப் பெரிய பங்கு. சில ஆண்டுகளில் அந்தப் பானை பத்து லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியிருக்கிறது. இந்த ஏலமுறைக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கல்கத்தா'. சீட்டு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதும் ஏலச்சீட்டும் அந்தப் பெயரைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. என் அம்மாவுக்கு இதை நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

பலகை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு பை. ஆடும்போது சீட்டை நடுவில் வீசக் கூடாது. அவரவர் சீட்டை அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைத்து, முடிந்ததும் பதின்மூன்றையும் எண்ணி அதே பையில் திரும்பச் சொருக வேண்டும். பலகை அடுத்த மேசைக்குப் போகும். அங்கே வடக்கே இருப்பவருக்கும் அதே பதின்மூன்று. பதின்மூன்று சீட்டு கொண்ட ஒரு கை எத்தனை விதமாக அமையலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்: 63,500 கோடிக்கும் மேல். அத்தனையில் ஒரே ஒரு கையைப் பிடித்து நிறுத்தி, எட்டு மேசைக்கும் காட்டுகிறது இந்தத் தட்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நெரை என்றால் விளக்க வேண்டாம். பட்டணத்து நேயர்களுக்குச் சொல்கிறேன், பால் வெட்டுகிறவருக்குப் பிரித்துக் கொடுக்கிற மர வரிசை. வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் எத்தனை சண்டை இதற்காக! ஒருவருக்குப் பள்ளத்தில் ஈரமான மண், சதசதவென்று பால். இன்னொருவருக்கு மேட்டு நெரை, பாதி மரம் பட்டை காய்ந்தது. மத்தியானம் பால் நிறுக்கிற கொட்டகையில் இரண்டு பேருக்கும் ஒரே தராசு. குறைந்தவரைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சத்தம் போடுவார். என் சின்னம்மா ஒரு நாள் வாளியைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு என் நெரையை நீங்களே வெட்டிப் பாருங்க அண்ணே, அப்புறம் பேசுங்க."

பிரிட்ஜ் பலகையை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்குச் சின்னம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். எட்டுப் பேரும் அதே மரங்களை, அதே ஈரத்தில் வெட்டுகிறார்கள். அப்புறம் நிறுக்கிறார்கள். நல்ல சீட்டு வந்தது என்று பீற்றிக்கொள்ள வழியில்லை, உங்களுக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது. காய்ந்த நெரை என்று புலம்பவும் வழியில்லை. நம் ஊர்ப் போட்டிகளில் ஒப்பிடுகிற கணக்கு இன்னும் வேடிக்கை. ஸ்பேட் துருப்பில் பத்துப் பிடி எடுத்தால் 420 புள்ளி. அதே சீட்டைத் துருப்பே இல்லாமல் ஆடிப் பத்துப் பிடி எடுத்தால் 430. ஒன்பதோடு நின்றால் 400. வீட்டில் ஆடும்போது இந்தப் பத்தையும் இருபதையும் யார் பார்ப்பார்கள்? ஜோடிப் போட்டியில், 430 எடுத்தவர் அந்தப் பலகையில் உச்சியில், 400காரர் அடியில். ஒரு கரண்டிப் பால் கூடுதலாக இருந்தாலும் கூடுதல் கூடுதல்தான்.

இந்தப் பலகை என் மானத்தையும் வாங்கியிருக்கிறது. பள்ளிக்கூட வேலை போக, போட்டிகளில் நடுவராக இருந்து வந்தேன். முதல் வருஷம். முடிவுத் தாள்களைப் பார்க்கிறேன். ஏழு மேசையில் வடக்கு தெற்குக்கு 420. ஒரே ஒரு மேசையில் கிழக்கு மேற்குக்கு 420. யாரோ பத்தி மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நானே அடித்துத் திருத்தி ஒட்டிவிட்டேன். கேட்கவே இல்லை பாருங்கள், அந்த அவசரம்! அந்த மேசையில் ஆடிய அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற தாதி, நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நாலு ஸ்பேட் ஆடினது நாங்கதான். என் கையில் அந்த ஆசு இருந்தது எனக்கு மறந்துபோகுமா?" போய்ப் பார்த்து விசாரித்தால், மேசையில் பலகையைக் குறுக்கே வைத்து ஆடியிருக்கிறார்கள். வடக்குப் பை கிழக்கே இருந்தவர் பக்கம். அடுத்தவர் நெரையை அழகாக வெட்டி முடித்திருக்கிறார்கள்! இரண்டு ஜோடிக்கும் சராசரிப் புள்ளி கொடுத்து, நான் மன்னிப்பும் கேட்டேன். அன்று முதல் தாளைத் திருத்துவதற்கு முன்னால் நாலு பேரிடமும் கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. அந்த அம்மா அதற்கப்புறம் என்னைப் பார்த்தபோதெல்லாம் கழுத்தைச் சாய்த்து, "வடக்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்பார்.

தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார், நாலு நிமிடமாம். திரையைப் பற்றி மட்டுமாவது சொல்லியாக வேண்டும். முந்நூற்று நாலில் காதைச் சொறிந்தால் ஜாக்கி, தொண்டையைச் செருமினால் ஒன்பது என்று ஏமாற்றுகிறவர்கள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். கிராணியார் வராந்தாவில் அது சிரிப்போடு போய்விடும். உலகப் போட்டியில் போகுமா? 1975இல் பெர்முடாவில் நடந்த உலக வாகையர் போட்டியில்தான் ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். அந்தப் போட்டியிலேயே ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் காலால் தொட்டதாகப் புகார் எழுந்து, கண்டிக்கப்பட்டார்கள். உடனே மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. இப்போது பெரிய போட்டிகளில் ஏலத்தை வாயால் கேட்பதும் இல்லை, அட்டை வைத்துத்தான் காட்ட வேண்டும், குரலின் ஏற்ற இறக்கமும் சேதி சொல்லிவிடுமாம்.

அப்படியும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று உண்டு: யோசனை. எதிரே இருக்கும் உங்கள் ஆள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 'இல்லை' என்று அட்டை வைத்தால், அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடும். புரிந்ததைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. புரிந்ததைப் புரியாததாக வைத்து ஆட வேண்டும். நடுவராக என்னிடம் வந்த வழக்குகளில் பாதி இதுதான். நல்ல ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் வேண்டுமென்றே தமக்கு நட்டமான பக்கம் போனதை நான் பார்த்திருக்கிறேன். கை தட்டத் தோன்றும். நடுவர் கை தட்டக் கூடாது.

இதற்கெல்லாம் வயது ஒரு தடையா? 2018இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முதலாகச் சேர்ந்தது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. இந்தோனேசிய அணியில் 78 வயதுச் செல்வந்தர் மைக்கேல் பம்பாங் ஹார்த்தோனோ வெண்கலம் வாங்கினார். 2023இல் ஹாங்சோவில் இந்திய ஆண்கள் அணிக்கு வெள்ளி. முட்டி வலி என்று சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இதைக் கேட்கும் தாத்தாமாரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

என் தோட்டத்தில் இப்போது கித்தா மரம் இல்லை, பாதி செம்பனை, மீதி வீடமைப்பு. கிளப் இருந்த இடத்தில் ஒரு மாமரம் மட்டும் நிற்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் எட்டு மேசை கிடைக்கும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். பதினாறு ஜோடி வேண்டும். அண்ணன் தம்பியாக வரலாம், மாமியார் மருமகளாக வந்தால் இன்னும் நல்லது, அங்கே பேசவே கூடாது. முந்நூற்று நாலு தெரிந்தவர்களுக்கு அரை மணியில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். பலகை முப்பத்திரண்டு என் அலமாரியில் இருக்கிறது. எல்லாவற்றிலும் வடக்கு எந்தப் பக்கம் என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.